சுங்குடி கட்டிய பம்பு

பெரம்பலூர் துறைமங்கலத்தில் கொளஞ்சியப்பனின் காதைப் பற்றிப் பேசாத டீக்கடை கிடையாது. மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து, காலமெல்லாம் டிரான்ஸ்பார்மர்களின் முனகலைக் கேட்டுக் கேட்டுப் பழுத்த காது அது. நாலு தெரு தள்ளி நின்றபடியே, "இதுக்கு எண்ணெய் கொறஞ்சு போச்சு, பொழுது சாய்ஞ்சா தும்மும்" என்பார். பொழுது சாய்ந்தால் தும்மும். பழைய பஸ் ஸ்டாண்டில் சர்க்கரை மூட்டை மேல் எறும்பு ஏறினால், அது எந்தக் காலை முதலில் வைத்து ஏறியது என்று துறைமங்கலத்தில் படுத்துக்கொண்டே சொல்லிவிடுவார் என்று ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதே அவர்தான் என்று இன்னொரு பேச்சும் உண்டு.

ஓய்வு பெற்ற பிறகு அந்தக் காது ஒரே ஒரு ஜீவனுக்கென்று ஆகிவிட்டது. கருநீல நிறத்தில், கவிழ்த்து வைத்த முட்டை மாதிரி ஒரு மோரிஸ் மைனர் கார். ஐம்பத்து நாலாம் வருஷத்து வண்டி. வாலிகண்டபுரத்துப் பக்கம் ஒரு மோட்டார் கொட்டகையில் கோழி அடைந்து கிடந்ததை விலை பேசி ஓட்டி வந்தார். பின் சீட்டில் அடை காத்துக்கொண்டிருந்த கோழி இறங்க மாட்டேன் என்று வண்டியோடேயே வந்துவிட்டது. குஞ்சு பொரித்த பிறகுதான் பின் சீட்டு மனிதர்களுக்குக் கிடைத்தது.

அந்த வண்டியில் எஞ்சினுக்கு முன்னால் கண் விழிப்பது பெட்ரோல் பம்பு. ஒரு சின்னச் சொம்பு அளவுதான் இருக்கும். டிரைவருக்குப் பக்கத்தில் உட்காருகிறவரின் முழங்காலுக்கு நேர் எதிரே, தகரத்துக்கு அந்தப் பக்கம் அதைத் திருகி வைத்திருப்பார்கள். சாவியைத் திருப்பியதும் கரண்ட் பாய்ந்து டக்டக்டக்டக் என்று அடித்துக்கொள்ளும். டேங்கிலிருந்து பெட்ரோலை இழுத்து எஞ்சினுக்கு ஊட்டும். மற்றவர்களுக்கு அது வெறும் டக்டக். கொளஞ்சியப்பனுக்கு அது பாஷை. வேகமாக அடித்து, நிதானப்பட்டு, அப்புறம் நின்றால் பிள்ளை வயிறு நிறையக் குடித்துவிட்டது என்று அர்த்தம். நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால், ஒன்று டேங்க் காலி, இல்லாவிட்டால் பெட்ரோலுக்குப் பதில் காற்றைக் குடிக்கிறது. எஞ்சின் ஓடாதபோது எப்போதாவது ஒற்றையாக டக் என்றால், ஊட்டினதை எங்கேயோ கக்குகிறது. சாவியைத் திருப்பியும் வாயே திறக்கவில்லை என்றால் முறுக்கிக்கொண்டிருக்கிறது; ஸ்க்ரூ டிரைவரின் கட்டைப் பக்கத்தால் தலையில் செல்லமாக ஒன்று தட்டினால் சரியாகிவிடும்.

இந்தப் பாஷையில் இவ்வளவு பெரிய பண்டிதராக இருந்தவர், வீட்டுக்குள்ளேயே ஒலித்த இன்னொரு சத்தத்தில் மட்டும் அரிச்சுவடியைத் தாண்டவில்லை. அவர் மனைவி சின்னம்மாள் உச்சுக்கொட்டுவதில் பேர்போனவள். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுத்து 'ச்' என்பாள். சோறு குழைந்தால் ஒரு ச். யாருக்காவது உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டால் ஒரு ச். டிவியில் மருமகள் அழுதால் சேர்ந்தாற்போல் மூன்று ச். ஒவ்வொன்றும் ஒவ்வொரு தினுசு. கொளஞ்சியப்பனுக்கோ எல்லாவற்றுக்கும் ஒரே பொருள்தான் தெரியும்: நாம் என்னமோ தப்புப் பண்ணிவிட்டோம்.

இப்படி இருக்கையில், சின்னம்மாளின் தம்பி அரியமுத்து கல்யாணப் பத்திரிகையோடு வந்து சேர்ந்தான். உடையார்பாளையத்தில் முந்திரி வியாபாரம். மகள் கீதாஞ்சலிக்கு வைகாசி முதல் வாரத்தில் கல்யாணம். பத்திரிகையை வாங்கிப் படித்த கையோடு கொளஞ்சியப்பன் அறிவித்துவிட்டார்.

"மாப்பிள்ளை அழைப்புக்கு நம்ம மைனர்தான் மாப்ளே. பிள்ளையார் கோயில்லேருந்து மண்டபம் வரைக்கும் ராஜா மாதிரி வந்து எறங்குவாரு."

அரியமுத்து தட்டிலிருந்த முறுக்கைக் கீழே வைத்தான். "மாமா, போன தடவ வளைகாப்புக்கு வரேன்னுட்டு அரியலூர் பஸ் ஸ்டாண்டு எதிர்க்க எங்க அக்காவைப் பட்டுச்சேலையோட வண்டி தள்ள வுட்டீங்களே. பஸ்ஸுக்கு நின்னவங்க அத்தினி பேரும் பஸ்ஸை வுட்டுட்டு வேடிக்கை பாத்தாங்க."

"தள்ளுனா ஒடம்புக்கு நல்லது. அன்னைலேருந்து உங்க அக்காவுக்கு மூட்டு வலியே இல்ல தெரியுமா?"

"அன்னைலேருந்துதான் வலி" என்றாள் சின்னம்மாள் அடுப்படியிலிருந்து.

"கேட்டுக்கிட்டீங்களா?" என்றான் அரியமுத்து. "இங்க பாருங்க மாமா. திருச்சி ரோட்டுல ஓட்டல் வச்சிருக்கான் நம்ம சிநேகிதன் கோகுலகிருஷ்ணன். உங்க வண்டிய கேட்டுக்கிட்டே இருக்கான். வாசல்ல நிறுத்தி, எஞ்சினைக் கழட்டிப் போட்டுட்டு, பானெட்டுக்குள்ள ரோஜாத் தொட்டி வைக்கிறானாம். சாப்புட வர்ற சனம் முன்னாடி நின்னு போட்டோ எடுத்துக்கும்."

எஞ்சின் இருந்த இடத்தில் ரோஜா என்பதைக் கேட்டதும் கொளஞ்சியப்பனுக்கு நெஞ்சுக்குள் யாரோ மண்வெட்டி போட்டது மாதிரி இருந்தது. ஆனால் மச்சினன் முன்னால் முகத்தைக் காட்டலாமா. "என் வண்டி நிக்காதுடா. எழுதி வச்சுக்க."

"அப்ப பந்தயம். இங்கேருந்து கௌம்புனா மண்டபத்து வாசல் வரைக்கும் வண்டி எங்கயும் தானா நின்னுறக் கூடாது. நீங்களா நிறுத்துனீங்கன்னா அது கணக்கு இல்ல. அதுவா நின்னா, கல்யாணம் முடிஞ்ச மறுநாளு சாவி கோகுலகிருஷ்ணன் கையில."

"அதுவா நின்னுச்சா, நானா நிறுத்துனனான்னு உனக்கு யாரு சொல்றது?"

"அக்காதான் சாட்சி. எங்க அக்கா பொய் சொல்லாது. அது என்ன சொல்லுதோ, அதான்."

நாக்குக்கும் மூளைக்கும் நடுவே ஒரு தபால்காரர் வேண்டும் என்று சின்னம்மாள் அடிக்கடி சொல்வாள். அன்றைக்கு அந்தத் தபால்காரர் லீவு. கொளஞ்சியப்பன் "சரி" என்றுவிட்டார்.

போகிற போக்கில் அரியமுத்து இன்னொன்றையும் கொளுத்திப் போட்டான். "அப்பறம் மாமா, அந்த டிக்கு டிக்கு. நாதஸ்வரம் நிக்கிற நேரம் பாத்து அது அடிச்சுச்சுன்னா, மாப்பிள்ளை டைம்பாம்னு நெனச்சு மாலையோட குதிச்சு ஓடிருவாரு."

இதுதான் எல்லாவற்றுக்கும் வித்து. பந்தயம் போகட்டும், பம்பைக் குண்டு என்று சொன்னதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. கிளம்புவதற்கு முதல் நாள் சாயங்காலம், சின்னம்மாள் மருதாணி அரைக்கப் பக்கத்து வீட்டுக்குப் போயிருந்த நேரத்தில், பீரோவைத் திறந்தார். பம்புக்கு மெத்து மெத்தென்று ஏதாவது சுற்ற வேண்டும். அடியில் மாம்பழ நிறத்தில் ஒரு சுங்குடிச் சேலை கிடந்தது. துவைத்துத் துவைத்துப் பூனைக்குட்டி வயிறு மாதிரி ஆகியிருந்தது. பழசுதானே என்று முந்தானைப் பக்கம் ஒரு முழம் கத்தரித்தார். அதை நாலாய் மடித்துப் பம்பைச் சுற்றி, மேலே பழைய சைக்கிள் ட்யூபால் இறுக்கிக் கட்டினார். சாவியைத் திருப்பினார். குண்டூசி விழுகிற சத்தமும் இல்லை. தான் ஒரு யானைக்கே வாய்ப்பூட்டுப் போட்டுவிட்ட பெருமையோடு கையைத் துடைத்துக்கொண்டார், அந்தச் சேலையின் மிச்சத்திலேயே.

மறுநாள் காலையில் பட்டுச்சேலை எடுக்கப் போன சின்னம்மாள் மிச்சத்தைக் கண்டுவிட்டாள்.

"என்னங்க இது?"

"அது வந்து... வண்டிக்கு."

"வூட்டுல இருக்கற நூறு துணியில இதான் கெடச்சுதா? பத்து வருஷமா ஒடம்புக்கு முடியாதப்ப இதைத்தான் கட்டிக்கிட்டுப் படுத்திருக்கேன். ஒடம்போட ஒட்டிக்கும்." அதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஒன்றும் சொல்லாததுதான் பயங்கரம். பட்டுச்சேலையைக் கட்டி, பையில் தண்ணீர் பாட்டிலை வைத்து, வண்டியில் ஏறி, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அக்கினி நட்சத்திரம் உச்சியில் நின்றது. பெரம்பலூர்க் காக்கைகள் நிழலுக்குள் நடந்து போய்க்கொண்டிருந்தன. பறந்தால் இறக்கை பொசுங்கிவிடுமாம். மைனர் கம்பீரமாகப் புறப்பட்டு அரியலூர் ரோட்டைப் பிடித்தது. பேரளி வரைக்கும் எல்லாம் சுகம். எஞ்சின் தாலாட்டுப் பாடியது. பம்பு ஊமையாகவே இருந்தது. கொளஞ்சியப்பன் தன் கைவண்ணத்தை மனசுக்குள் மெச்சிக்கொண்டே போனார்.

பேரளி தாண்டியதும் அவருக்கு இடப்பக்கத்திலிருந்து ஒரு 'ச்' வந்தது.

ஓரக்கண்ணால் பார்த்தார். சின்னம்மாள் அசையவில்லை. முகம் ஜன்னலுக்கு வெளியே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி 'ச்'.

வெயிலில் சைக்கிள் ட்யூப் இளகி, கட்டு தளர்ந்து, மடித்த சேலைக்குள்ளிருந்து பம்பின் டக் என்பது ஈர நாக்கின் ச் ஆகக் கசிந்து வந்துகொண்டிருந்தது. அதுவும் சின்னம்மாளின் முழங்காலுக்கு நேரே. ஆனால் பம்பை ஊமையாக்கிவிட்டேன் என்று நம்புகிறவருக்கு, வருகிற சத்தம் பம்பினுடையது என்று எப்படித் தோன்றும்? சேலையை இழந்த மனைவி பக்கத்தில் இருக்கிறாள், ச் வருகிறது. எறும்பின் கால் சத்தம் கேட்ட காது, இரண்டும் இரண்டும் நாலு என்று கணக்குப் போட்டு முடித்துவிட்டது.

"தப்புதான் புள்ள" என்றார். "கேட்டுட்டு எடுத்திருக்கணும்."

'ச்.'

"தீவாளிக்கு அதே கலர்ல ஒண்ணு எடுத்துத் தரேன்."

'ச்.'

"சரி, ரெண்டா எடுத்துக்க."

முன்னால் சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று புழுதி கிளப்பிக்கொண்டு போனது. அதைத் தாண்ட கொளஞ்சியப்பன் ஆக்சிலேட்டரை அழுத்தினார். உடனே இடப்பக்கம் ச்ச்ச்ச்ச் என்று சரமாகப் பொரிந்தது. திடுக்கிட்டுக் காலை எடுத்தார். பொரிவது குறைந்து ஒற்றை ச் ஆகியது. மறுபடி அழுத்திப் பார்த்தார், மறுபடி பொரிந்தது. ஆகா, வேகம் பிடிக்கவில்லை என்று புரிந்துகொண்டார். எஞ்சின் அதிகம் கேட்டால் பம்பு அதிகம் ஊட்டும் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்த மனிதர் அவர்.

அதற்குப் பிறகு மைனர் போன வேகத்தை வேகம் என்று சொல்வது வேகத்துக்கு அவமானம். சைக்கிள்கள் தாண்டின. தலையில் புல்லுக்கட்டோடு போன ஒரு பெண் தாண்டினாள். தாண்டிவிட்டு, கார் ரிப்பேரோ என்று பரிதாபமாகத் திரும்பிப் பார்த்தாள். அவளோடு வந்த ஆடும் பார்த்தது.

அரியலூரில் மல்லிகைப்பூ வாங்க வண்டியை நிறுத்தினார். "இது நானா நிறுத்துறது, கணக்குல வராது" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் சாவியைத் திருப்பினார். பூவை வாங்கி நீட்டினார். சின்னம்மாள் பேசாமல் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள். என்ன ஆச்சரியம், ச் இல்லை. பூவுக்கு இவ்வளவு சக்தியா என்று மெய் மறந்துபோய் மறுபடி வண்டியைக் கிளப்பினார். சாவி திரும்பிய மறுகணம், ச்ச்ச்ச்ச்ச்.

"ஒரு முழம் பத்தலையா?" என்றார் பரிதாபமாக. இறங்கி ஓடிப் போய் இன்னும் இரண்டு முழம் வாங்கி வந்தார். சின்னம்மாள் அதையும் வைத்துக்கொண்டு, முகத்தை முன்னைவிட நன்றாக ஜன்னலுக்கு வெளியே திருப்பிக்கொண்டாள். தோள் லேசாகக் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துக் கொளஞ்சியப்பன் உருகிப்போனார்.

அரியலூரை விட்டு வெளியே வந்தபோது வெயில் தகரத்தின் மேல் தோசை ஊற்றிக்கொண்டிருந்தது. கைகாட்டி முக்கு தாண்டியும் ச் ஓயவில்லை. ஒற்றை இரட்டையாயிற்று, இரட்டை சரமாயிற்று. உள்ளே நடந்தது எளிமையான விஷயம்தான். கம்பளி போர்த்திய பிள்ளை மாதிரி பம்பு சேலைக்குள் வெந்து, பெட்ரோல் ஆவியாகி, அது பெட்ரோலுக்குப் பதில் ஆவியைக் குடித்துக்கொண்டு ஏங்கி ஏங்கி அடித்தது. வேறு யார் வண்டியாக இருந்தாலும் கொளஞ்சியப்பன் ஒரு மைல் தூரத்திலிருந்தே சொல்லியிருப்பார்.

இப்போது அவர் வாக்குறுதிகளை வாரி இறைக்க ஆரம்பித்தார். தேர்தல் நேரத்தில்கூட அவ்வளவு கேட்டதில்லை அந்த ரோடு.

"சக்கரை டெஸ்ட்டு எடுத்துக்கறேன் புள்ள. திங்கக்கெழமையே."

ச்ச்.

"காப்பிக்கு சக்கரையும் வேணாம்."

ச்ச்ச்.

"கவிதா கூப்புட்டுக்கிட்டே இருக்கா, பெங்களூருக்கு. நம்ம பொண்ணு வூடுதானே. போயி ஒரு மாசம் இருந்துட்டு வரலாம். பத்தாதா? ரெண்டு மாசம்."

ச்ச்ச்ச்.

"உன் தம்பிய இனிமே முந்திரிக் கஞ்சன்னு சொல்ல மாட்டேன்."

ச்ச்ச்ச்ச்ச்ச்ச்.

இதற்கும் மசியவில்லையே என்று அவருக்கு வியர்த்துக் கொட்டியது. ரோட்டின் இரண்டு பக்கமும் முந்திரிக்காடு வந்துவிட்டது. உடையார்பாளையம் பக்கம்தான். இவள் இதே கோபத்தோடு மண்டபத்தில் இறங்கினால், தம்பி மகள் கல்யாணத்தில் ஒரு வாய் சிரிக்க மாட்டாள். தாம்பூலத் தட்டைத் தூக்கிக்கொண்டு இந்த முகத்தோடு நிற்பாள். இப்படி ஒரு பெண்பிள்ளையை அழவைத்துவிட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு என்ன பெருமை? மைனரின் ஸ்டியரிங்கை ஒரு தடவை தடவிக் கொடுத்தார். தொண்டையைக் கனைத்தார்.

"சரிம்மா" என்றார். "இந்த வண்டிதான் நமக்குள்ள சக்களத்தி மாதிரி. பந்தயம் ஜெயிச்சாலும் சரி, தோத்தாலும் சரி, வித்துடறேன். ரோஜாத் தொட்டி வைக்கட்டும்."

ச் நின்றது.

சட்டென்று, கத்தரித்தது மாதிரி நின்றது. அவர் ஏக்கத்தோடு காது கொடுத்தார். ஒன்றும் இல்லை. இதுதான் வேண்டியிருந்ததா உனக்கு என்று நினைத்தபோது அவர் கண்ணில் உண்மையாகவே தண்ணீர் வந்துவிட்டது. அந்த மௌனத்தில் மைனர் ஒரு பர்லாங்கு தூரம் போயிருக்கும். அப்புறம் எஞ்சின் இருமியது. இரண்டு தரம் குலுங்கியது. முந்திரி மர நிழல் ஒன்றில் தானாகப் போய் நின்றுவிட்டது.

கொளஞ்சியப்பன் இறங்கிப் போய்ப் பானெட்டைத் தூக்கினார். திரும்பி வந்து ஜன்னல் வழியே கையை விட்டுச் சாவியை மூடித் திருப்பினார்; மறுபடி ஒரு 'ச்' வந்தது. கையை உயர்த்தி, "இந்தாம்மா, ஒரு நிமிசம் உச்சுக்கொட்டாம இரு. பம்பு அடிக்குதான்னு கேக்கணும்" என்றார்.

சின்னம்மாள் காலையிலிருந்து முதல் தடவையாக முகத்தைத் திருப்பினாள். அழுத கண் இல்லை அது. சிரித்துச் சிரித்துச் சிவந்த கண்.

"நான் எங்கங்க உச்சுக்கொட்டுனேன்? வூட்டுலேருந்து நான் வாயே தொறக்கலையே."

கொளஞ்சியப்பன் அவளைப் பார்த்தார். பம்பு இருக்கும் தகரத்தைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார். ஊரே மெச்சிய அந்தக் காதுகள் இரண்டும் நுனி வரை சிவந்தன.

"எப்பலேருந்து தெரியும் உனக்கு?"

"ஆடு நம்மளைத் தாண்டிப் போச்சே, அப்பலேருந்து. என் முழங்காலுக்கு நேராத்தானே அடிக்குது, எனக்குத் தெரியாதா? மொதல்ல கோவமாத்தான் இருந்தேன். அப்பறம் நீங்களா எறங்கி ஓடி இன்னும் ரெண்டு முழம் பூ வாங்கியாந்தீங்க. சரி, எது வரைக்கும் போறாருன்னு பாப்போம்னு இருந்துட்டேன்."

"அடிப்பாவி. வித்துடறேன்னு வேற சொல்லிட்டனே."

"சொன்னீங்க" என்றாள் அவள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "அதைச் சொல்லுவீங்கன்னு நான் எதிர்பாக்கல."

இறங்கி வந்து பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். மாம்பழச் சுங்குடி கட்டி, சைக்கிள் ட்யூபை ஒட்டியாணமாகப் போட்டுக்கொண்டு, பம்பு கொதித்துக்கொண்டிருந்தது. தொட்ட விரலை உதறினாள். "இந்த வேகாட்டுல பச்சப்புள்ளைக்கு இப்படியாங்க சுத்துவாங்க? கழட்டுங்க மொதல்ல."

அவர் கட்டை அவிழ்த்தார். அவள் அதே துணியைப் பாட்டில் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, காய்ச்சல்காரன் நெற்றியில் பற்றுப் போடுகிற மாதிரி பம்பின் மேல் வைத்தாள். புஸ் என்று ஆவி வந்தது. இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் ஹாரன் அடித்தது. அரியலூர் மார்க்கெட்டிலிருந்து வாழையிலைக் கட்டு ஏற்றி வந்த குட்டியானை வண்டி. முன் சீட்டிலிருந்து குதித்து இறங்கினான் அரியமுத்து. மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த மொத்தச் சிரிப்பும் அப்போதே முகத்தில் இருந்தது.

"என்ன மாமா, ராஜா ரோட்டுல எறங்கிட்டாரா?"

கொளஞ்சியப்பன் எஞ்சினைப் பார்த்தார். பானெட்டுக்குள் ஒரு ரோஜாத் தொட்டி, அதில் ஒரு ரோஜா, அதன் மேல் ஒரு வண்டு, எல்லாம் அவர் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது.

"நான்தான் நிறுத்தச் சொன்னேன்" என்றாள் சின்னம்மாள்.

"நீயா? எதுக்கு?"

அவள் பானெட்டை விட்டு நகர்ந்து மரத்தடிக்குப் போனாள். உதிர்ந்து கிடந்ததில் நல்லதாக ஒரு முந்திரிப்பழத்தைப் பொறுக்கினாள். "மரத்துல பழம் செவசெவன்னு தொங்குச்சு. திங்கணும்போல இருந்துச்சு. ஒரு நிமிசம் நிறுத்துங்கன்னேன். வண்டி நிக்கவும், சூடா இருக்கேன்னு அவரு ஈரத்துணி போட்டாரு. அவ்வளவுதான்."

அரியமுத்து பிறந்ததிலிருந்து முந்திரிக்காட்டில் வளர்ந்தவன். "அக்கா" என்றான் மெதுவாக. "சின்னப் புள்ளையிலேருந்து நீ முந்திரிப்பழத்தைக் கையால தொட மாட்டியே. தொண்டை கட்டிக்கும், ஒரு நாளு முழுக்கப் பேச்சு வராதுன்னு அம்மா அடிச்சாலும் திங்க மாட்டியே."

சின்னம்மாள் தம்பியை நேராகப் பார்த்தாள். கொட்டையைத் திருகி எறிந்துவிட்டுப் பழத்தைக் கடித்தாள். சாறு முழங்கை வரை ஓடியது. முகம் சுருங்கவில்லை. மென்று விழுங்கி, மறுபடி கடித்து, முழுப் பழத்தையும் தின்று முடித்தாள். தின்றதற்குப் பிறகு, போதாது என்பது போல, இன்னொன்றையும் பொறுக்கினாள்.

"போதும்க்கா" என்றான் அரியமுத்து.

"நல்லா இருக்குடா" என்றாள். அதற்குள் குரல் தகரத்தில் தேங்காய் துருவுகிற மாதிரி ஆகிவிட்டது.

அரியமுத்து அக்காவைப் பார்த்தான். பம்பின் மேல் கிடந்த அவள் சேலைத் துணியைப் பார்த்தான். வண்டியின் பின்னால் ஒளிந்துகொள்ள இடம் தேடிக்கொண்டிருந்த மாமாவைப் பார்த்தான். "சரி, அக்கா சொன்னா அதான். வண்டிய எடுங்க மாமா. நீங்களா நிறுத்துனதுன்னா தானா கௌம்பணுமே."

கொளஞ்சியப்பன் உட்கார்ந்தார். சின்னம்மாளும் பக்கத்தில் ஏறினாள். சாவியைத் திருப்பினார். சத்தம் இல்லை. முறுக்கிக்கொண்டிருந்தது பம்பு. ஸ்க்ரூ டிரைவரோடு இறங்கிப் போய்த் தட்டலாம். மச்சினன் பார்த்துக்கொண்டு நிற்கிறானே. அப்போது சின்னம்மாள், "கால் மரத்துப் போச்சு" என்று கரகரத்துவிட்டு, காலை நன்றாக நீட்டி, முன்னால் இருந்த தகரத்தில் குதிகாலால் டொம் என்று ஒன்று வைத்தாள்.

டக்.

டக்டக்டக்டக்டக். அப்புறம் நிதானமாக, டக்... டக்... டக். நின்றது. பிள்ளைக்கு வயிறு நிறைந்தது. எஞ்சின் ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டது.

பின்னால் அரியமுத்து போனில் பேசுவது கேட்டது. "கோகுலு, நீ வேற வண்டி பாத்துக்கப்பா. இது நிக்கல. ஆமாம்ப்பா, சாட்சி இருக்கு. எங்க அக்கா முந்திரிப்பழமே தின்னுடுச்சு, இதுக்கு மேல என்ன சாட்சி வேணும் உனக்கு?"

சாயங்காலம் மாப்பிள்ளை மைனரில்தான் வந்தார். நாதஸ்வரம் ஓய்ந்த இடைவெளியில் பம்பு ஊர் அறிய டக்டக் என்று அடித்தது. தவில்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு, அந்தத் தாளத்துக்கே ஒரு தீர்மானம் அடித்து முத்தாய்ப்பு வைத்தார். மாப்பிள்ளை குதித்து ஓடவில்லை, காதைச் சாய்த்து, "என்ன மாமா சத்தம் இது?" என்று கேட்டார். கேட்டிருக்கக் கூடாது. பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபம் வரைக்கும் கொளஞ்சியப்பன் பம்பின் பாஷையை முதல் பாடத்திலிருந்து சொல்லிக்கொடுத்தார். மணமேடை ஏறும்போது மாப்பிள்ளைக்குப் பொண்ணின் பெயர் மறந்து, பம்பின் நாலு விதச் சத்தமும் மனப்பாடமாகியிருந்தது.

பின் சீட்டில் தாம்பூலத் தட்டோடு சின்னம்மாள். தொண்டை சுத்தமாகக் கட்டிவிட்டது. சொல்ல வேண்டியதையெல்லாம் உச்சுக்கொட்டித்தான் சொல்ல முடிந்தது. கல்யாண வீட்டில் எல்லோருக்கும் அது புரிந்தது. தண்ணீர் கேட்டால் தண்ணீர் வந்தது, குழந்தையை அதட்டினால் குழந்தை உட்கார்ந்தது.

ஆட்களை மண்டபத்தில் இறக்கிவிட்டு, வண்டியை ஓரம் கட்டினார் கொளஞ்சியப்பன். சின்னம்மாள் மட்டும் இன்னும் இறங்கவில்லை. சேலைக் கொசுவத்தைச் சரி செய்துகொண்டிருந்தாள். எஞ்சினை நிறுத்திவிட்டு, பம்பைக் கேட்பதற்காகச் சாவியை மட்டும் மறுபடி திருப்பி வைத்தார். அப்போது டக் என்றும் ச் என்றும் பிரிக்க முடியாமல் ஒன்று கேட்டது.

அவர் அப்படியே உறைந்தார். முன்னாலிருந்து வந்ததா, பின்னாலிருந்து வந்ததா? ஊட்டினதைக் கக்குகிறதா, இல்லை சர்க்கரை டெஸ்ட்டுக்கு இது முதல் நினைவூட்டலா? காதைத் தீட்டினார். மறுபடி வரவில்லை.

இடது கையால் தகரத்தைத் தட்டிக்கொடுத்தார். கண்ணாடியில் பின் சீட்டைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் பொதுவாக, "சரிம்மா" என்றார்.